எல்லிஸ் என்றொரு குடும்பப் பெயர்

சென்ற கல்வியாண்டின் இறுதியில் ஒரு மாலைப் பொழுது. கனகம்மாசத்திரத்தில், சென்னை - திருப்பதி நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு கணினி மையத்தில் நம் மாணவர் ஒருவருடன் அமர்ந்திருந்தோம். கடவுச்சீட்டு விண்ணப்பம். பெயர், பிறந்த நாள், தந்தை பெயர், தாய் பெயர் எல்லாம் தடையின்றி நிரம்பின. 'குடும்பப் பெயர்' என்ற கட்டம் வந்ததும் மாணவரின் கை நின்றுவிட்டது.

"ஐயா, எங்க தாத்தாவுக்கு இண்டிபேரு இருந்துச்சு. அப்பாவை இந்தப் பக்கம் பள்ளிக்கூடத்துல சேர்த்தப்போ இனிஷியல் மட்டும் போதும்னுட்டாங்களாம். இப்போ நான் எதை எழுதறது?"

மையத்தை நடத்தும் இளைஞருக்கு இதெல்லாம் அன்றாடம். "அப்பா பேரைப் போடுங்க சார், எல்லாரும் அதான் போடறாங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அப்படியே செய்தோம். ஆனால் அந்தக் கேள்வி மட்டும் நம்முடன் வீடு வரை வந்தது.

நம் ஊர் அமைந்திருக்கும் இடம் அப்படி. ஒரு பக்கம் நகரி, புத்தூர். மறுபக்கம் திருவாலங்காடு, திருவள்ளூர். 1960 ஏப்ரல் 1 அன்றுதான் திருத்தணிப் பகுதி தமிழ்நாட்டோடு (அன்றைய சென்னை மாநிலத்தோடு) இணைந்தது. கோடு போட்டவர்கள் நிலத்தின்மேல் போட்டார்கள், வீடுகளுக்குள் போடவில்லை. வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் இரண்டும், வகுப்பில் தமிழ் என்று வாழும் பிள்ளைகள் இங்கே பலர். கோட்டுக்கு அந்தப் பக்கம் குடும்பப் பெயர் முன்னே வரும். இந்தப் பக்கம் குடும்பப் பெயரே கிடையாது, தந்தையின் முதலெழுத்துதான்.

இதற்கு நம்மிடமே ஓர் அழகான சான்று உண்டு. 1888இல் திருத்தணியில் பிறந்து குடியரசுத் தலைவராக உயர்ந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். 'எஸ். இராதாகிருஷ்ணன்' என்று படித்து வளர்ந்த தமிழ் மாணவர் எவரையும் கேட்டுப் பாருங்கள், அந்த 'எஸ்' அவருடைய தந்தையின் பெயரைக் குறிப்பது என்றே சொல்வார். தந்தையின் பெயரோ வீராசாமி. 'சர்வபள்ளி' நெல்லூர்ச் சீமையின் ஒரு சிற்றூர். முன்னோர் விட்டுவந்த ஊர், குடும்பத்தின் இண்டிபேராக உடன் வந்தது. அவருடைய மகனாகிய வரலாற்றறிஞர் கோபாலும் 'சர்வபள்ளி கோபால்'தான். தந்தைக்கும் மகனுக்கும் ஒரே 'எஸ்' எப்படி என்று நம் மாணவர்கள் குழம்புவதை ஆண்டுதோறும் பார்த்து வருகிறோம்.

அடுத்த வாரம் வகுப்பில் ஒப்பிலக்கணம். கால்டுவெல்லுக்கு முன்னோடியாகப் பிரான்சிஸ் வைட் எல்லிஸைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தோம். அதே மாணவர் எழுந்தார். "ஐயா, எல்லிஸ்ங்கறது அவர் பேரா, இண்டிபேரா?"

வகுப்பு சிரித்தது. நாம் சிரிக்கவில்லை. இத்தனை ஆண்டுக் கற்பித்தலில் நமக்கு நாமே கேட்டுக்கொள்ளாத கேள்வி அது.

எல்லிஸ் இண்டிபேருதான். அதன் மூலத்தைத் தேடிப் போனால் விவிலியத்தில் போய் நிற்போம். எபிரேய மொழியில் 'எலியாகு' என்ற தீர்க்கதரிசியின் பெயர் கிரேக்கத்தில் 'எலியாஸ்' ஆயிற்று. இடைக்கால இங்கிலாந்தில் 'எலிஸ்' என்று தேய்ந்து, பின்னர் 'எல்லிஸ்' என்ற குடும்பப் பெயராக உறைந்தது. 'என் கடவுள் யாவே' என்பது பொருள். (வேல்ஸ் நாட்டு எல்லிஸ்களில் பலர் 'எலிசெத்' என்ற வேறொரு பழம்பெயரிலிருந்து வந்தவர்கள் என்பர். ஒரே பெயர்க் குளத்தில் இரண்டு ஓடைகள் கலந்தது போல.) நம் தமிழ்க் கிறித்தவர்களிடையே எலியா, எலியாஸ் என்ற பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. ஆக, திருநெல்வேலியில் ஓர் எலியாசும் இலண்டனில் ஓர் எல்லிசும் பெயரளவில் பங்காளிகளே.

இங்கே ஒரு தற்செயலைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. விவிலியத்து எலியா வறட்சியின் தீர்க்கதரிசி. மழை பெய்யாது என்று அறிவித்தவர். ஓடை வற்றும் வரை அதன் கரையில் காத்திருந்தவர். கடைசியில் ஒரு மனிதக் கையளவு மேகம் கடலிலிருந்து எழுந்தபோது மழை வருகிறதென்று சொன்னவர். அவர் பெயரைத் தாங்கிய நம் எல்லிஸ் சென்னையில் ஆட்சியராக இருந்தபோதும் தண்ணீர்ப் பஞ்சம் வந்தது. அவர் 1818இல் நகரில் இருபத்தேழு கிணறுகளை வெட்டுவித்தார். அவற்றுள் இராயப்பேட்டைப் பெரியபாளையத்தம்மன் கோயில் கிணற்றருகே தமிழ்ச் செய்யுளில் ஒரு கல்வெட்டும் வைத்தார். நீரின் சிறப்பைச் சொல்லத் திருக்குறளை அதில் எடுத்தாண்டார். அச்செய்யுளில் அவர் பெயர் 'எல்லீசன்'.

எல்லீசன்! தமிழ்க் காதுக்கு இதைவிட இசைவான பெயர் வேண்டுமா? 'எல்' என்றால் ஒளி, பகல், கதிரவன், 'ஈசன்' தலைவன். யாவேயின் அடியவர் பெயர், கடல் கடந்து வந்து, ஒளியின் தலைவனாகிவிட்டது. நாமும் பல ஆண்டுகளாக இந்தப் பெயரை மேடைதோறும் சொல்லி மகிழ்ந்தவர்களே. திருவள்ளுவர் உருவம் பொறித்த பொற்காசை வெளியிட்டவர் இவரே என்று ஐராவதம் மகாதேவன் இனங்கண்டு எழுதிய பிறகு, அந்த மகிழ்ச்சி பன்மடங்காயிற்று.

ஆனால் பெயரை இனிமையாக்கும்போது ஆளை மறந்துவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. அதற்கு முன், அதே குடும்பப் பெயரைத் தாங்கிய வேறு சிலரையும் பார்த்துவிடுவோம். ஒரு பெயர் எத்தனை விதமாக ஒருவரிடம் வந்து சேர்கிறது என்பது அப்போதுதான் விளங்கும்.

அலெக்சாண்டர் ஜான் எல்லிஸ் (1814-1890) பிறக்கும்போது எல்லிஸ் அல்லர்; ஷார்ப். தாய்வழி உறவினர் ஒருவரின் உதவியால், பொருளுக்காக உழைக்கத் தேவையின்றிக் கல்வியிலேயே வாழ்நாளைக் கழிக்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. குடும்பப் பெயரை எல்லிஸ் என்று மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது நிபந்தனை. மாற்றிக்கொண்டார். ஒலியியலில் பெரும்பணி செய்தார். ஒரு தாயியை 1200 'சென்ட்' அளவுகளாகப் பகுத்து, இந்தியா, சீனா, சப்பான், சாவகம் எனப் பல நாட்டுச் சுரநிலைகளை அளந்து 1885இல் அவர் எழுதிய கட்டுரை இசையியலார்க்கு இன்றும் அடிப்படை. இன்று நம் கருநாடக இசைச் சுருதிகளைப் பற்றி வாதிடுவோர் 'சென்ட்' கணக்குச் சொல்லும்போது, அறியாமலேயே இந்த எல்லிஸைத் துணைக்கழைக்கிறார்கள்.

ஹேவ்லாக் எல்லிஸ் பாலியல் உளவியலை எழுதிப் புகழும் பழியும் ஒருங்கே பெற்றவர்; அவருடைய நூலை விற்றதற்காக 1898இல் ஒரு புத்தக வணிகர் வழக்கைச் சந்திக்க நேர்ந்தது. நியூயார்க் துறைமுகத்து எல்லிஸ் தீவு, பதினெட்டாம் நூற்றாண்டில் அதன் உரிமையாளராயிருந்த சாமுவேல் எல்லிஸின் பெயரால் அமைந்தது. 1892 முதல் 1954 வரை ஏறத்தாழ ஒரு கோடியே இருபது இலட்சம் பேர் அதன் வழியாக அமெரிக்காவுக்குள் நுழைந்தனர். அங்கிருந்த எழுத்தர்கள் குடியேறிகளின் குடும்பப் பெயர்களை மனம்போன போக்கில் மாற்றிவிட்டார்கள் என்றொரு கதை உலகெங்கும் உலவுகிறது. உண்மையில் அவர்கள் கப்பல் நிறுவனத்தார் எழுதிக் கொணர்ந்த பட்டியலையே சரிபார்த்தனர். பெயர் மாற்றங்கள் பெரும்பாலும் குடியேறியவர்களே பின்னர் செய்துகொண்டவை. (பள்ளியில் சேர்க்கும்போது நம் மாணவரின் தாத்தாவே இண்டிபேரை விட்டாரா, பள்ளியில் விட்டார்களா என்பதும் இப்படி ஆய்ந்து பார்க்க வேண்டியதே.)

மனத்தை உறுத்துபவர் ரூத் எல்லிஸ். பிரிட்டனில் தூக்கிலிடப்பட்ட கடைசிப் பெண். 1955 சூலை 13. எல்லிஸ் அவருக்குத் திருமணத்தால் வந்த பெயர். அந்தக் கணவரைப் பிரிந்தாயிற்று. அவர் சுட்டுக் கொன்றதோ வேறொருவரை. இருந்தும் பிரிந்துபோன கணவரின் குடும்பப் பெயரிலேயே அவர் தூக்குமேடை ஏறினார், அந்தப் பெயரிலேயே வரலாற்றில் நிற்கிறார். இதற்கு நேர்மாறாக, 1847இல் எமிலி பிராண்டே தம் நாவலை வெளியிட, பெண் என்று காட்டாத ஒரு முகமூடி வேண்டி 'எல்லிஸ் பெல்' என்ற பெயரைத் தாமே பூண்டுகொண்டார். அங்கே எல்லிஸ் முதற்பெயர். நம் திரையுலகில் 'சதிலீலாவதி' (1936), 'மீரா' (1945), 'மந்திரிகுமாரி' (1950) படங்களை இயக்கிய, தமிழறியாத அமெரிக்கர் எல்லிஸ் ஆர். டங்கனுக்கும் அது முதற்பெயரே. குடும்பப் பெயர் டங்கன். நம்மவர்கள் டங்கன் துரை என்றார்களே தவிர, அவரை எல்லீசன் ஆக்கவில்லை. அதற்குத் தமிழ் படித்திருக்க வேண்டும் போலும்.

இனி நம் எல்லிஸுக்கு வருவோம்.

1777இல் பிறந்தவர். 1796இல் கும்பினியின் எழுத்தராகச் சென்னைக்கு வந்தவர். 1810இல் சென்னை ஆட்சியர். 1812இல் தொடங்கிய சென்னைக் கல்விச் சங்கத்தின் (புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி என்பதுதான் அதன் ஆங்கிலப் பெயரின் நேர்ப்பொருள்) மூளையாக விளங்கியவர். 1816இல் ஏ.டி. காம்பெல் எழுதிய தெலுங்கு இலக்கணத்தின் முகப்பில் எல்லிஸ் ஒரு குறிப்புரை எழுதினார். தெலுங்கு வடமொழியிலிருந்து பிறந்தது என்று அன்றைய பெரும்புலவர்கள் சொல்லிவந்ததை மறுத்து, தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், துளு முதலியவை ஒரு குடும்பத்தின் மொழிகள் என்றும், வடசொற்கள் அவற்றுள் பின்னர் வந்து கலந்தவை என்றும் வேர்ச்சொற்களை அடுக்கி நிறுவினார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது 1856இல். நாற்பது ஆண்டுகள் கழித்து. 'திராவிடம்' என்ற பெயரை அக்குடும்பத்துக்கு நிலைபெறச் செய்தவர் கால்டுவெல்; குடும்பம் உண்டு என்று முதலில் காட்டியவர் எல்லிஸ். கால்டுவெல்லே எல்லிஸை முன்னோடி என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். தாமஸ் டிரவுட்மன் 2006இல் எழுதிய நூல் இவற்றையெல்லாம் விரிவாகப் பேசுகிறது, இராம. சுந்தரத்தின் தமிழாக்கத்தில் 'திராவிடச் சான்று' என்று கிடைக்கிறது.

இதில் நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. தமிழின் தனித்தன்மைக்கு மூலச்சான்றாக நாம் மேடையில் முழங்கும் இந்தக் கண்டுபிடிப்பு, ஒரு தெலுங்கு இலக்கண நூலின் முன்னுரையில், தெலுங்கை முன்னிறுத்தி எழுதப்பட்டது. சான்றின் முதற்சொற்கள் தெலுங்குச் சொற்கள்.

அன்று வகுப்பில் மாணவரின் கேள்விக்கு விடை சொல்லும்போதுதான் இது நமக்கே பளிச்சென்று பட்டது. கரும்பலகையில் 'இண்டிபேரு' என்று எழுதினோம். தெலுங்கில் வீடு 'இல்லு'. வேற்றுமை ஏற்கும்போது அது 'இண்டி' ஆகும். 'பேரு' பெயர். நம் 'இல்'லும் நம் 'பே'ரும்தான். எல்லிஸ் வேர்களை அடுக்கிக் காட்டியது போல ஊர் - ஊரு, நீர் - நீரு, கண் - கன்னு, மூன்று - மூடு என்று மாணவர்களே அடுக்கத் தொடங்கிவிட்டார்கள். வீட்டில் பேசும் மொழியை வகுப்பில் வெளிக்காட்டாமல் இருந்த பிள்ளைகள் நால்வர் அன்று முதன்முறையாக வாய் திறந்தார்கள்.

சரி, எல்லிஸ் இதையெல்லாம் தனியாகவா செய்தார்? இதுதான் நாம் சொல்ல வந்தது. வேர்ச்சொற் பட்டியலைத் தொகுத்துத் தந்தவர் கல்விச் சங்கத்தின் தெலுங்கு, வடமொழித் தலைமைப் புலவர் பட்டாபிராம சாஸ்திரி. தொண்டைமண்டலத்து மிராசு உரிமை பற்றிய பதினேழு வினாக்களுக்கு எல்லிஸ் எழுதி 1818இல் அச்சான விடைகளில் சங்கரய்யாவின் பங்கு பெரிது. வீரமாமுனிவரின் சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தவர் முத்துசாமிப் பிள்ளை. பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழ் உரைநடையில் தந்த தாண்டவராய முதலியாரும் அதே சங்கத்துப் புலவர். எல்லிஸ் என்ற நான்கெழுத்துக்குப் பின்னால் ஒரு கூடமே நிறைந்த ஆட்கள் இருக்கிறார்கள். சென்னையில் எல்லிஸ் சாலை இருக்கிறது. பட்டாபிராமர் பெயரில் நாம் அறிய ஒரு சந்துகூட இல்லை.

இந்தப் புலவர்களை மறைத்தது வெள்ளையர் மட்டும்தானா? நம் கையும் சும்மா இருக்கவில்லை. 1929 செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களைத் துறக்கும் தீர்மானம் வந்தது. தமிழ்நாட்டின் பெருமைக்குரிய நாள்களுள் ஒன்று அது. நம் தந்தையார் தம் பெயரின் வாலை வெட்டியதும் அதன் வழியில்தான், அதில் நமக்கு இன்றளவும் பெருமையே. ஆனால் 2021இல் பள்ளிப் பாடநூல்களில் மறைந்த அறிஞர்களின் பெயர்களிலிருந்தும் அவற்றை நீக்கினார்கள். உ.வே. சாமிநாத ஐயர் 'சாமிநாதர்' ஆனார். மீனாட்சி சுந்தரம் பிள்ளை 'மீனாட்சி சுந்தரனார்' ஆனார். நோக்கத்தில் நமக்கு ஐயமில்லை. இருப்பினும் இதை நாம் ஏற்கவில்லை. உயிரோடிருப்பவர் தம் பெயரைத் தாமே திருத்திக்கொள்வது விடுதலை. இறந்தவரின் பெயரை நாம் திருத்துவது வேறு செயல். முத்துசாமிப் பிள்ளையை 'முத்துசாமி' என்றாக்கிவிட்டு ஒரு மாணவரை ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பினால், எந்த முத்துசாமியை அவர் தேடுவார்? பட்டியலில் எல்லிஸ் எளிதில் அகப்படுவார், அவருடைய குடும்பப் பெயரில் யாரும் கை வைக்கவில்லை. ஏற்கெனவே பாதி மறைந்தவர் முழுக்க மறைவார்.

சாதிப் பட்டம் வேறு, குடும்பப் பெயர் வேறல்லவா என்று நண்பர் ஒருவர் மறுத்தார். வேறுதான். 'பிள்ளை' ஒரு குடும்பத்தைச் சுட்டுவதில்லை, ஏணியில் ஒரு படியைச் சுட்டுகிறது; அது சுட்டிய இழிவையும் உயர்வையும் அறியாதவர் அல்லோம். அந்த இழிவு எப்படி இயங்கியது என்று நாளை ஒருவர் ஆராய வேண்டுமானால், கல்விச் சங்கத்தில் யாரெல்லாம் உள்ளே இருந்தார்கள், யாரெல்லாம் இல்லை என்பது பெயர்களிலிருந்தே தெரிய வேண்டும். வெட்டிய பெயர்ப் பட்டியலில் அந்தக் கூடம் அனைவருக்கும் திறந்திருந்தது போலத் தோன்றும். திறந்திருக்கவில்லை. நண்பர் இன்னும் உடன்படவில்லை, நாமும் விடவில்லை.

எல்லிஸின் முடிவு துயரமானது. நாற்பது வயது வரை நூல் எதுவும் வெளியிடுவதில்லை என்று உறுதி பூண்டிருந்தவர், 1819 மார்ச்சில், நாற்பதைக் கடந்த சிறிது காலத்திலேயே, இராமநாதபுரத்தில் இறந்தார். தவறுதலாக நஞ்சை உட்கொண்டதே காரணம் என்பர். குறளுக்கு எழுதிய உரையும் மொழிபெயர்ப்பும் பாதியில் நின்றன. அவருடைய தாள்களில் ஒரு பகுதி மதுரையில் ஒரு துரை வீட்டில் கிடந்ததாம். அவ்வீட்டுச் சமையற்காரர் மாதக்கணக்கில் அடுப்பு மூட்டவும் கோழி வாட்டவும் அவற்றைப் பயன்படுத்தினாராம். இதைப் பின்னாளில் பதிவு செய்தவர் வால்டர் எலியட். (எலியட் என்ற குடும்பப் பெயரும் எலியாவின் கிளையே என்று சொல்வோர் உண்டு. ஒரு பங்காளியின் சாம்பலுக்கு இன்னொரு பங்காளி சாட்சி!) எஞ்சியவற்றுள் சில ஜி.யு. போப் வழியாக ஆக்ஸ்போர்டு போய்ச் சேர்ந்தன. புலவர்களின் தாள்களும் அந்த அடுப்பில் கலந்திருக்கக்கூடும்.

இந்த ஆண்டு முதல் ஒப்பிலக்கண வகுப்பில் எல்லிஸ் என்று மட்டும் எழுதுவதை விட்டுவிட்டோம். பிரான்சிஸ் வைட் எல்லிஸ், பட்டாபிராம சாஸ்திரி, சங்கரய்யா, முத்துசாமிப் பிள்ளை என்று முழுப்பெயர்களையும் பலகையில் எழுதுகிறோம். எழுத நேரம் பிடிக்கிறது. பின்வரிசையில் முணுமுணுப்பும் எழுகிறது.

மாணவருக்குக் கடவுச்சீட்டு வந்துவிட்டது. குடும்பப் பெயர் இருக்குமிடத்தில் அவருடைய தந்தையின் பெயர். இண்டிபேரைத் தம் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் தமிழிலும் தெலுங்கிலும் எழுதி வைத்திருக்கிறார். அவருக்குத் தெலுங்கு எழுத்துத் தெரியாது. பாட்டி பக்கத்தில் அமர்ந்து ஒவ்வோர் எழுத்தாகக் காட்டிக் கொடுத்தாராம்.